துறவிகளின் சமையல் கணக்கைப் படிப்பதெல்லாம் ஒரு வேலையா? - மடத்தைவிட்டு வெளியேறி, மடங்களின் வரலாறு எழுதியவரின் கதை!

லண்டனில் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நேரில் இல்லை என்றாலும், அரச குடும்பத்துக் கல்யாணம், முடிசூட்டு விழா என ஏதாவது ஒரு வீடியோவில். இன்றைக்கு அது சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கும் தேவாலயம். சுமார் 500 வருடங்களுக்கு முன்பு, அது துறவிகள் குடியிருந்த மடம்.

சரி, ஒரு கேள்வி. அந்த மடத்துத் துறவி ஒருவருக்கு, நோன்பு இல்லாத ஒரு சாதாரண நாளில் ஒதுக்கப்பட்ட சாப்பாடும் பானமும் எவ்வளவு இருக்கும்? 'பாவம், துறவிதானே... கஞ்சியும் ரொட்டியும் இருந்திருக்கும்' என்று நினைத்தால், அங்கேதான் ட்விஸ்ட். 6,000 கலோரிக்கும் மேல்! இன்றைக்கு நமக்கு டயட்டீஷியன் எழுதித் தருவதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. அவ்வளவையும் அவர்களே சாப்பிட்டுவிடவில்லை. மிச்சம் ஏழைகளுக்கும் வேலையாட்களுக்கும் போனது. ஆனாலும், 'துறவி என்றால் ஒல்லியாக இருப்பார்' என்ற நம் கற்பனை கொஞ்சம் ஆட்டம் காணுதுல்ல?

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் பார்பரா ஹார்வி. 1993-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்துக்கு முக்கியமான ஆதாரமே, அந்த மடத்தின் சமையலறைக் கணக்குகள்தான். இன்றைக்கு எத்தனை முட்டை, எவ்வளவு மீன், எவ்வளவு இறைச்சி என்று யாரோ ஒருவர் எழுதிவைத்தது. எழுதியவருக்கு அது வெறும் வரவு செலவு. படித்தவருக்கு அது ஒரு வாழ்க்கை முறையின் எக்ஸ்-ரே.

'இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறது ஒரு வேலையா, அதுக்குச் சம்பளம் வேற கொடுப்பாங்களா?' என்கிறீர்களா... கொடுக்கிறார்கள். இடைக்காலத் துறவற சபைகளைப் பற்றிய ஆய்வு என்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் தனியாகவே ஒரு துறை. அந்தத் துறையில் இன்றைக்கும் தவிர்க்க முடியாத பெயர், டேவிட் நோல்ஸ். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், இந்த வேலை என்னவென்று புரியும். 'என் கரியர் இனிமே அவ்வளவுதான்' என்று எப்போதாவது உங்களுக்குத் தோன்றியிருந்தால், இது உங்களுக்கான கதையும்கூட.

யார் இந்தத் துறவிகள்?

கதைக்குப் போகும் முன் ஒரு சின்ன அறிமுகம். 6-ம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட், துறவிகளுக்காக ஒரு விதிநூல் எழுதினார். நம்மூர் கத்தோலிக்கர்கள் இவரை 'ஆசீர்வாதப்பர்' என்பார்கள். 73 அத்தியாயங்கள். எப்போது ஜெபிப்பது, எப்போது வேலை, எவ்வளவு சாப்பாடு, யார் எங்கே தூங்குவது எனச் சகலமும் அதில் உண்டு. இதைப் பின்பற்றும் துறவிகள் மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்க வேண்டும். ஒன்று கீழ்ப்படிதல். இன்னொன்று துறவுக்கேற்ற வாழ்க்கை. மூன்றாவதுதான் ஸ்பெஷல். 'சேர்ந்த மடத்திலேயே சாகும்வரை இருப்பேன்' என்ற நிலைத்தன்மை. இந்த மூன்றாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நூற்றாண்டுகள் போகப் போக, மடங்களுக்கு நிலம் சேர்ந்தது, பணம் சேர்ந்தது, விதிகள் தளர்ந்தன. ஒவ்வொரு முறையும் சிலர் 'இது சரியில்லை, பழைய கண்டிப்புக்குத் திரும்புவோம்' என்று கிளம்பினார்கள். அப்படி பிரான்ஸில் 1098-ல் பிறந்ததுதான் சிஸ்டர்சியன் சபை. 1221-ல் டொமினிகன் சபையினரும், 1224-ல் பிரான்சிஸ்கன் சபையினரும் இங்கிலாந்துக்கு வந்தார்கள். இவர்கள் ஒரே மடத்துக்குள் அடைந்து கிடக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் போதித்தார்கள்.

1536 முதல் 1540-க்குள் எல்லாவற்றுக்கும் மங்களம் பாடினார் எட்டாம் ஹென்றி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த சுமார் 800 மடங்கள் மூடப்பட்டன. கூரையிலிருந்த ஈயத்தை உருக்கி எடுத்தார்கள். நிலங்கள் அரசுக்குப் போய், பிறகு கைமாறின. நூலகங்கள் சிதறின. ஆயிரம் வருடத்துக்கும் மேலான ஒரு வாழ்க்கை முறை, நாலே வருடத்தில் காலி.

துப்பறியும் வேலைதான் இது!

அப்படிச் சிதறிப்போன வாழ்க்கையை மறுபடி கோத்துப் பார்ப்பதுதான் இந்த வரலாற்றாசிரியர்களின் வேலை. எப்படி?

முதலில் பத்திரங்கள். யார் எந்த நிலத்தை மடத்துக்குக் கொடுத்தார்கள் என்ற விவரங்கள். பத்திரம் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று பயந்து, எல்லாவற்றையும் ஒரு பெரிய புத்தகத்தில் பிரதி எடுத்து வைத்திருப்பார்கள். நாம் ஆதார், பான் கார்டை எல்லாம் போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பதுபோல.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. துறவிகளே போலிப் பத்திரம் தயாரித்திருக்கிறார்கள்! வெஸ்ட்மின்ஸ்டரிலேயே 12-ம் நூற்றாண்டில் இது நடந்திருக்கிறது. எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக அனுபவித்த நிலத்துக்குத் திடீரென 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டால், ஆதாரத்தைத் தயாரித்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் வழக்கத்தில் இல்லாத ஒரு சொல், பொருந்தாத கையெழுத்து, அந்தத் தேதிக்கு முன்பே இறந்துபோன ஒரு சாட்சி என எங்காவது மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்து, தேதி. பல பத்திரங்களில் வருடமே இருக்காது. அப்போது சாட்சிகளின் பெயர்தான் துருப்புச் சீட்டு. 'இன்ன மடத்தின் தலைவர் முன்னிலையில்' என்று இருந்தால், அவர் எந்த வருடம் முதல் எந்த வருடம்வரை தலைவராக இருந்தார் என்று பார்த்தால் போதும். பத்திரத்தின் காலம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, விசாரணைப் பதிவுகள். ஆயர் மடத்துக்கு வந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, 'ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள்' என்பார். எழுத்தர் குறித்துக்கொள்வார். சாப்பாடு சரியில்லை, கூரை ஒழுகுது, அவர் ஜெபத்துக்கு வருவதே இல்லை... ஹாஸ்டல் புகார்ப் பெட்டியைத் திறந்தது மாதிரியே இருக்கும்.

நான்காவது, வானம்! மண்ணுக்கடியில் சுவர் புதைந்திருந்தால், அதற்கு மேலே இருக்கும் புல்லும் பயிரும் கோடையில் சீக்கிரம் வாடும். தரையில் நின்றால் தெரியாது. விமானத்திலிருந்து பார்த்தால், மறைந்துபோன மடத்தின் வரைபடமே வயலில் வரைந்தது மாதிரி தெரியும். இப்படி எடுத்த படங்களை வைத்து 1952-ல் ஒரு புத்தகம் வந்தது. விமானப் புகைப்பட நிபுணர் ஜே.கே.செயின்ட் ஜோசப்புடன் சேர்ந்து அதை எழுதியவர்தான் நம் கதாநாயகன், டேவிட் நோல்ஸ்.

படித்தது வேறு... பிடித்தது வேறு!

நோல்ஸ் 1896-ல் இங்கிலாந்தின் வார்விக்‌ஷையரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மைக்கேல் கிளைவ். டவுன்சைடு என்ற பெனடிக்டைன் மடம் நடத்திய பள்ளியில் படித்தார். 1914-ல், 18 வயதில், அதே மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். 'டேவிட்' என்பது மடம் கொடுத்த பெயர். 1922-ல் குருவானார்.

கேம்பிரிட்ஜில் அவர் படித்தது வரலாறு இல்லை. தத்துவமும் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களும்தான். 1926-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகம் எதைப் பற்றித் தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போர்! துறவற சபைகளுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. பிடித்ததால் எழுதினார், அவ்வளவுதான். 20-களின் கடைசியில்தான் இங்கிலாந்தின் மடங்களைப் பற்றிய பெரிய வேலையை ஆரம்பித்தார். பின்னால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது, யாரும் சொல்லாமல் மடத்து அறையில் அவராகவே உட்கார்ந்து ஆரம்பித்த இந்த வேலைதான்.

இதற்கிடையில் மனதுக்குள் ஒரு போராட்டம். டவுன்சைடில் பெரிய பள்ளி நடந்தது. வகுப்பு, பரீட்சை, நிர்வாகம் என்றே துறவிகளின் நாள் போனது. 'நாம் ஜெபிக்க வந்தோமா, பள்ளிக்கூடம் நடத்த வந்தோமா?' என்று நோல்ஸுக்குத் தோன்றியது. பள்ளி இல்லாத, அமைதியான, கண்டிப்பான ஒரு புதிய மடம் வேண்டும் என்று கேட்டார். இளம் துறவிகள் சிலரும் அவரோடு சேர்ந்தார்கள். மேலிடம் மறுத்தது. 1933-ல் அவரை லண்டனில் உள்ள ஈலிங் மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ரோமுக்கு மேல்முறையீடு செய்தார். அங்கும் தோல்வி.

ஈலிங்கில் இருந்த வருடங்களில்தான் அந்தப் புத்தகம் வளர்ந்தது. பகலும் இரவும் அவர் எதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். 1132-ல் யார்க் நகரத்தின் பணக்கார மடத்திலிருந்து 13 துறவிகள், 'இங்கே விதி சரியாகப் பின்பற்றப்படவில்லை' என்று வெளியேறி, ஆளில்லாத ஒரு பள்ளத்தாக்கில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அப்படி உருவானதுதான் ஃபவுண்டன்ஸ் மடம். இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற சிஸ்டர்சியன் மடங்களில் ஒன்று. இன்று அதன் இடிபாடுகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னம். அவர்களுக்கு வழி கிடைத்தது. எட்டு நூற்றாண்டுகள் கழித்து, அதே கோரிக்கையை வைத்த நோல்ஸுக்குக் கதவு மூடப்பட்டது. அந்த 13 பேரைப் பற்றி எழுதும்போது அவர் பேனா ஒரு நிமிஷமாவது நின்றிருக்காதா என்ன?

வெளியே போன துறவி

1939-ல் அனுமதி இல்லாமல் ஈலிங்கைவிட்டு வெளியேறினார். 'சேர்ந்த மடத்திலேயே இருப்பேன்' என்ற அந்த மூன்றாவது வார்த்தைப்பாடு, ஞாபகம் இருக்கிறதா? அதை மீறியதாகவே சபை பார்த்தது. குருவாகப் பணி செய்யத் தடை விழுந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவரின் வீட்டில், அவருடைய பராமரிப்பில் தங்கினார். ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தக் காலத்தில் அது பெரிய பேச்சு.

நாற்பதைத் தாண்டிய வயது. மடம் இல்லை. வேலை இல்லை. வரலாற்றில் பட்டம் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்திய அனுபவம் இல்லை. வெளியே உலகப்போர்.

1940-ல் புத்தகம் வெளிவந்தது. 'இங்கிலாந்தின் துறவற அமைப்பு' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 940 முதல் 1216 வரையிலான கதை. படித்தவர்கள் அசந்துபோனார்கள். இத்தனை நாள் யார் இவர், எங்கே இருந்தார்?

அதன் பிறகு நடந்தது சினிமாவில் வரும் இரண்டாம் பாதி மாதிரி. 1944-ல் கேம்பிரிட்ஜின் மிகப் பழைய கல்லூரியான பீட்டர்ஹவுஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் பல்கலைக்கழக வேலை, 47 வயதில்! 1947-ல் இடைக்கால வரலாற்றுப் பேராசிரியர். 1954-ல் 'ரீஜியஸ்' பேராசிரியர். அரச பீடத்தின் பெயரால் நியமிக்கப்படும், நாட்டின் மிக உயர்ந்த வரலாற்றுப் பதவிகளில் ஒன்று. எந்த அரசபீடம் மடங்களையெல்லாம் மூடியதோ, அதே அரசபீடத்தின் பெயரால் ஒரு துறவிக்கு நாற்காலி. (கூடுதல் காமெடி: அன்றைக்கு அந்தப் பதவியின் பெயர் 'நவீன வரலாற்றுப் பேராசிரியர்'. கிரேக்கம், ரோமுக்குப் பிறகு வந்ததெல்லாம் அன்றைய கேம்பிரிட்ஜுக்கு நவீனம்தான்!)

1948, 1955, 1959 என மூன்று பாகங்களில், மடங்கள் மூடப்பட்டதுவரை கதையை எழுதி முடித்தார். 1952-ல், மடத்துக்கு வெளியே வாழ முறையான அனுமதியும் கிடைத்தது. ஆனால், டவுன்சைடுக்குத் திரும்பி வாழவே இல்லை. 1974-ல் இறந்தார்.

மடத்தின்மீது கோபம் இருந்திருக்கும். பாசமும் இருந்திருக்கும். இரண்டில் எது பேனாவைப் பிடித்தாலும் வரலாறு கோணிப்போகும். நோல்ஸின் பெருமை என்னவென்றால், கடைசிக்கால மடங்கள் பலவற்றில் பழைய தீவிரம் குறைந்துபோனதை அவர் மறைக்கவில்லை. அதற்காக, மூடியவர்களின் பேராசையை நியாயப்படுத்தவும் இல்லை. தான் நேசித்த ஒன்றைப் பற்றி உண்மை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று, சொந்தக் குடும்பத்துக் கதையைச் சொல்ல முயன்ற யாருக்கும் தெரியும்.

அவர் விட்டதும்... அவங்க எழுதியதும்!

நோல்ஸ் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் இல்லை. பெரும்பாலும் அச்சில் வந்த ஆவணங்களை வைத்தே எழுதினார் என்ற குறை உண்டு. அதைவிடப் பெரிய குறை, அவருடைய பெரிய நூல்களில் கன்னியாஸ்திரிகளுக்கு இடமே இல்லை. பாதிக் கதை மிஸ்ஸிங்.

அந்தப் பாதியை அவருக்கு முன்பே எழுதியவர் எய்லீன் பவர். 1922-ல் இங்கிலாந்தின் கன்னியர் மடங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். ஆயர்களின் விசாரணைப் பதிவுகளைத் தோண்டி, தேவாலயத்துக்கு நாய்க்குட்டியோடு வந்த சகோதரிகளை எல்லாம் வெளியே கொண்டுவந்தார். 'கன்னியாஸ்திரிகள் மடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது' என்று போப் 1298-ல் போட்ட ஆணையின் பிரதியை, லிங்கன் ஆயர் ஒரு மடத்தில் கொடுத்துவிட்டுக் குதிரையில் கிளம்பினாராம். சகோதரிகள் வாசல்வரை துரத்திப்போய், அந்த ஆணையை அவர் தலைமீதே வீசினார்கள். இந்தக் காட்சி நமக்குக் கிடைத்தது எய்லீன் பவரால்தான்.

அவருக்கும் ஒரு மூடிய கதவு இருந்தது. அவர் படித்த கேம்பிரிட்ஜ், பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1948-ல். அவர் 1940-லேயே இறந்துவிட்டார். ஆனாலும், 1931-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியராகி, அந்தத் துறையையே வளர்த்துவிட்டுப் போனார்.

எனக்கும் இது செட் ஆகுமா?

ஆசை வந்துவிட்டதா? கொஞ்சம் நிதானம். இந்தப் பாதைக்கு என்னென்ன தேவை என்று பார்த்துவிடலாம்.

லத்தீன் கட்டாயம். அதுவும் பள்ளிப் புத்தக லத்தீன் போதாது. பாதி எழுத்தை விழுங்கிச் சுருக்கி எழுதிய இடைக்கால லத்தீன். நம் வாட்ஸ்அப் தமிழை 700 வருடம் கழித்து ஒருவர் படிக்க நேர்ந்தால் எப்படித் திணறுவாரோ, அப்படி. அதனால், பழைய கையெழுத்துகளைப் படிக்கத் தனிப் பயிற்சியே உண்டு. கூடவே பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் ஒன்றாவது வேண்டும். முதுகலை, அதன் பிறகு முனைவர் பட்டம் என வருடங்கள் ஓடும். அப்படியும் நிரந்தர வேலைகள் குறைவு, போட்டி அதிகம். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்டுவது நியாயமில்லை.

ஆனால், இந்தப் பயிற்சி பெற்றவர்கள் பேராசிரியர்களாக மட்டும் ஆவதில்லை. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், நூலகம், பாரம்பர்யச் சின்னங்களின் பராமரிப்பு, பதிப்பகம் எனப் பல இடங்களில் இருக்கிறார்கள். 'இந்தப் பேப்பரை யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள், இதை நம்பலாமா?' என்று கேட்கத் தெரிந்தவர்கள், ஃபார்வர்டு மெசேஜ்களின் காலத்தில் எல்லா இடத்திலும் தேவைப்படுகிறார்கள்.

சும்மா ருசி பார்க்கவும் வழி உண்டு. 'பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன்' என்ற தளத்தை மொபைலிலேயே திறந்து, ஒரு மடத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். வாட்டிகன் நூலகம்கூடத் தன் ஓலைச் சுவடிகளை... மன்னிக்க, தோல் சுவடிகளைப் படம் எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. நோல்ஸ் காலத்தில் ரயிலேறிப் போய்ப் பார்க்க வேண்டிய பொக்கிஷம், இன்று உங்கள் உள்ளங்கையில்.

கடைசியாக ஒன்று. 1939-ல் நோல்ஸைப் பார்த்த யாரும், 'இவர் வாழ்க்கை முடிந்தது' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவரிடம் அப்போது இருந்தது, பத்து வருடமாக யாரும் கேட்காமலே எழுதிக்கொண்டிருந்த ஒரு கையெழுத்துப் பிரதி மட்டும்தான். அது அச்சாகி வெளிவர இன்னும் ஒரு வருடம் இருந்தது.

உங்கள் மேஜை டிராயரிலும் அப்படி ஏதாவது இருக்கலாம். எதற்கும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்களேன்!